ஒன்பதாம் இலக்கக் கல்லின் கீழ்முகம்

செல்வமலருக்குக் கோபம் வந்தது ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு. இப்படி நேரம் குறித்துச் சொன்னால், பத்துப் பதினாலுக்கு அவர் கோபமில்லாமல் இருந்தார் என்று எண்ணத் தோன்றும். அது தவறு. மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவியல் கட்டடத்தில், நிலத்துக்குக் கீழே இரண்டாம் தளத்தில், கல் வெட்டும் அறையில், அவர் இருபது வருடமாக ஏதாவது ஒன்றின்மேல் கோபமாகத்தான் இருந்து வந்தார். கழுவாமல் விட்ட தட்டம், மூடாமல் விட்ட தேய்ப்புத்தூள், ‘அவசரம்’ என்று சீட்டு ஒட்டிய கல். கதவு திறந்தே கிடக்கும். ஆனாலும் மாணவர்கள் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தக் கோபங்களெல்லாம் மத்தியானச் சாப்பாட்டோடு ஆறிவிடுபவை. செவ்வாய்க்கிழமை வந்தது வேறு இனம்.

அன்று பேராசிரியர் திபோ படியிறங்கி வந்தார். அது அபூர்வம். வழக்கமாக அவருடைய கற்கள்தான் படியிறங்கி வரும். கையில் ஒரு தாள். தாளில் ஒரு வசனத்துக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது: ‘ஒன்பதாம் இலக்க மாதிரியின் மென்தகடு, வெட்டும் அறையில் நேர்ந்த பிழையினால் திசை மாறித் தயாரிக்கப்பட்டிருந்தது.’

“உன்னுடைய பெயர் இல்லை, மலர்,” என்றார் திபோ. “யாருடைய பெயரும் இல்லை.”

“வெட்டுற அறையிலை எத்தினை பேர் வேலை செய்யினம்?”

“பார், அது ஒரு...”

“எத்தினை பேர்?”

“நீ ஒருத்திதான்.”

“அப்ப என்ரை பேர் இருக்கு.”

இந்த உரையாடல் பிரெஞ்சில் நடந்தது. செல்வமலரின் பிரெஞ்சு, முதலில் ஒரு தையல் தொழிற்சாலையிலும் பிறகு சமையலறை மேடைக்குக் கருங்கல் அறுக்கும் பட்டறையிலும் கற்றது. அதைத் தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும், ஏனென்றால் அப்படித்தான் அது ஒலித்தது. இன்னொரு விசேஷமும் உண்டு. தமிழில் பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட ‘நீர்’ என்று கூப்பிடும் இந்தப் பெண்மணி, பிரெஞ்சில் முதல்வரையும் துணைவேந்தரையும் ஒரே மூச்சில் ‘நீ’ என்பார். பட்டறையில் அவருக்கு யாரும் வேறு சொல் சொல்லித் தரவில்லை. அது திமிர் என்று புதியவர்கள் நினைத்தார்கள். பழையவர்கள் அது மரியாதை என்று நினைத்தார்கள். இரண்டும் பிழை.

கல் வெட்டுவதில் என்ன பிழை வந்துவிடும், அதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் மலைக் கதை சொல்லவேண்டும்.

மொன்றியலில் இருந்து லவால் நகரைத் தாண்டி வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் மலைகள் வரும். வார இறுதியில் சனம் பனிச்சறுக்கப் போகும் மலைகள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. முதுகு தேய்ந்த மாடுகள் படுத்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் நூறு கோடி வருடங்களுக்கு முன்பு அங்கே இமயமலைக்குச் சமமான ஒரு தொடர் நின்றது என்று நிலவியலாளர் சொல்கிறார்கள். மேலே இருந்ததையெல்லாம் மழையும் பனியும் தின்றுவிட்டன. இன்றைக்குச் சனம் சறுக்குவது அந்த மலையின் அடிவயிற்றில். அங்கே, இருபத்தைந்து முப்பது கிலோமீற்றர் ஆழத்தில், எழுநூறு பாகைச் சூட்டில், கல் உடையாது. பிசைந்த மாவைப்போல இழுபடும், மடியும், வழுக்கும். மலையை மேலே தூக்கும்போது ஒரு பக்கம் வழுக்கும். மலை தன் பாரம் தாங்காமல் சரியும்போது மறுபக்கம் வழுக்கும். பிறகு எல்லாம் ஆறும். ஆறுவது என்றால் கஞ்சி ஆறுவதுபோல் அல்ல. பத்து லட்சம் வருடத்துக்கு இரண்டு மூன்று பாகை.

எந்தப் பக்கம் வழுக்கியது என்பது கல்லுக்குள் எழுதியிருக்கிறது. பெல்ஸ்பார் என்ற வெள்ளைப் பருக்கைகளுக்கு, இழுபட்ட வாக்கில், இரண்டு பக்கமும் வால் முளைத்திருக்கும். வால் வளைந்திருக்கும் வாக்கைப் பார்த்தால் மேலே இருந்த பாறை எந்தத் திசைக்குப் போனது என்று சொல்லிவிடலாம். அதைப் பார்ப்பதற்குத்தான் செல்வமலர். கல்லை வைரப் பல் வாளால் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமயிரின் பாதிக்கும் கீழே மெல்லிசாகும்வரை தேய்ப்பார். அளவுகோல் அவர் கண்தான். நுணுக்குக்காட்டியின் கீழ்ப் படிகக்கல் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்கவேண்டும். கஞ்சித்தண்ணி நிறத்துக்கு வந்தால் கையை எடுக்கவேண்டும். இன்னும் இரண்டு சுற்றுப் போனால் நூறு கோடி வருடம் வாளித் தண்ணீரோடு போய்விடும்.

கடைசியில், மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக்குறி. இதுதான் மேல், இதுதான் வடக்கு என்று சொல்லும் குறி. அது பக்கம் மாறினால் வால் பக்கம் மாறும். வால் பக்கம் மாறினால் எழும்பிய மலை சரிந்த மலையாகிவிடும். இருபது வருடத்தில், ஆறாயிரத்துச் சொச்சம் தகடுகளில், செல்வமலர் அந்தக் குறியை ஒரு தடவையும் மாற்றி வெட்டியதில்லை. இதைச் சொல்வது அவரேதான். ஆனால் மறுத்துச் சொல்ல அதுவரை யாரும் இருக்கவில்லை.

இப்போது இருந்தார்கள். திபோவின் ஆராய்ச்சி மாணவன் எத்தியேன் ஒரு நெடுஞ்சாலை வெட்டில் பதினாலு கல் எடுத்திருந்தான். ஒன்பதாவது கல்லின் வால் மற்றப் பதின்மூன்றுக்கும் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. மலை சூடாக இருக்கும்போதே சரியத் தொடங்கிவிட்டது என்று அந்த ஒற்றைக் கல்லை வைத்து அவனும் திபோவும் கட்டுரை எழுதினார்கள். பாராட்டும் வந்தது. பிறகு வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தார் அதே இடத்தில் அதே பாறையில் கல் எடுத்துப் பார்த்தார்கள். வால் மற்றப் பதின்மூன்றின் பக்கமாகத்தான் வளைந்திருந்தது. சஞ்சிகை விளக்கம் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில். திபோ ஒரு இரவு யோசித்து, மிகவும் நாகரிகமான ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தார்.

“நான் மாத்தி வெட்டேல்லை,” என்றார் செல்வமலர்.

“எல்லோருக்கும் நடக்கும், மலர்.”

“எல்லாருக்கும் நடக்கும். எனக்கு நடக்கேல்லை. ஒம்பதாம் கல்லின்ரை ஓரத்துண்டு என்னட்டை இருக்கு.”

திபோவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு அசைவு. “ஓரத்துண்டுகளைப் போன வருடமே வீசிவிடச் சொல்லித் துறை கடிதம் அனுப்பியதே?”

“அனுப்பினது. வாசிச்சனான்.”

கருங்கல் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் சண்டை பிடித்து முடியும்வரை வெட்டின துண்டை எறியக்கூடாது. பல்கலைக்கழகத்தில் சண்டைகள் முடிவதே இல்லை என்பதைச் செல்வமலர் சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் எந்தக் கல்லிலும், குறி போட்ட முகம் அடங்கலாக ஒரு ஓரத்துண்டை, கழுவாமல், பாண் ரொட்டி வந்த பையில் போட்டுக் கட்டி வைப்பார். களஞ்சிய அறையைத் துப்புரவாக்கும்படி கடிதம் வந்தபோது பதினொரு பெட்டிகளையும் கணவரின் வான் வண்டியில் ஏற்றி, மொன்றியல்-நோர் பகுதியில் தங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளப் பண்டகப் பெட்டகத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார். கணவர் அருமைராசா துறைமுகத்தில் கொண்டெய்னர் ட்ரக் ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காத மனிதர். மனைவியின் பெட்டிகளையும் கேட்காமலேதான் சுமந்தார்.

திபோ படியேறிப் போனதும் செல்வமலர் கணவருக்குப் போன் எடுத்தார்.

“இஞ்சேருங்கோ, கீழை லொக்கருக்கை என்ரை கல்லுப் பெட்டியள் பதினொண்டும் கிடக்குதே?”

“கிடக்கு.” கொஞ்சம் பொறுத்து, “ஒம்பது கிடக்கு.”

“மற்ற ரெண்டும்?”

“வானுக்கை.”

“வானுக்கை என்ன செய்யுது?”

“பாரத்துக்கப்பா. ஸ்னோவுக்கை பின்சில்லு வழுக்கிறதெல்லே? அவனவன் மணல் மூட்டை போடுறான். இது சும்மா கிடக்கிற கல்லுத்தானே எண்டு...”

“சும்மா கிடக்கிற கல்லோ?”

“நூறு கோடி வருசம் ஒரே இடத்திலை கிடந்தது எண்டு நீர்தானே சொன்னனீர்.”

“எத்தியேன் எண்டு எழுதின பெட்டி எது? லொக்கருக்கையோ, வானுக்கையோ?”

மறுமுனையில் கொண்டெய்னர் ஒன்று இறங்கும் ஓசை கேட்டது.

“பின்னேரம் கொண்டு வாறன்,” என்றார் அருமைராசா.

“நீங்கள் ஒண்டையும் தொடவேண்டாம். நான் வாறன்.”

மெற்றோவும் பிறகு ஒரு பஸ்ஸும் ஏறி, துறைமுகத்தை ஒட்டிய ட்ரக் முற்றத்துக்குச் செல்வமலர் போய்ச் சேர்ந்தபோது, வானின் பின்கதவு மரியாதையாகத் திறந்திருந்தது. பக்கத்தில் அருமைராசா, பாதிச் சாப்பாட்டுப் பெட்டியோடு, குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல நின்றார். ஏப்ரல் முடியப்போகிறது; இன்னும் பனிக்காலத்து டயர் கழற்றவில்லை, பாரமும் இறக்கவில்லை. சோம்பல் சிலவேளை நல்லது செய்கிறது. ஒழுங்கான மனிதர் என்றால் மார்ச் மாதமே இரண்டு பெட்டியையும் ஆற்றங்கரையில் கொட்டியிருப்பார்.

பெட்டிக்குள் வீதி உப்புத் தண்ணீர் ஊறியிருந்தது. பைகளில் ஒட்டிய சீட்டுகளில் மை கரைந்து நீலக் கறையாக இருந்தது.

“ஐயோ, எழுத்தெல்லாம் போச்சே,” என்றார் அருமைராசா, உண்மையான துக்கத்தோடு.

“கடதாசியை நம்பி ஆர் வேலை செய்யினம்? கல்லிலையே கீறியிருக்கு.” செல்வமலர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வரிசையாக வைத்தார். ஏழு, எட்டு, பத்து, பதினொன்று. திரும்ப எண்ணினார். “ஒம்பது எங்கை?”

அருமைராசா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

“அண்டைக்குச் சரிவிலை நிப்பாட்டேக்கை...”

“நிப்பாட்டேக்கை?”

“முன்சில்லுக்கு ஒண்டு வைச்சனான். பையோடைதான் வைச்சனான். பேந்து அப்பிடியே அதையே பாவிச்சுக்கொண்டு...” அவர் கண் போன திசையில், முன்சில்லுக்குக் கீழே, கறுத்துப்போன ஒரு பாண் பை எட்டிப் பார்த்தது.

“வானைப் பின்னுக்கு எடுங்கோ.”

“கொஞ்சம் தள்ளி நில்லும்.”

“வானைப் பின்னுக்கு எடுங்கோ!”

இத்தனைக்கும் அந்தக் கடைசி வார்த்தையிலும் ‘ங்கோ’ இருந்தது. பேராசிரியரை ‘நீ’ என்பவர், தன் நல்ல பெயரைச் சில்லுக்கு அடியில் வைத்த மனிதரை விடாமல் ‘நீங்கள்’ என்றார். உலகம் இப்படித்தான் இருக்கிறது.

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுநூறு பாகையில் முப்பது கிலோமீற்றர் மலையைச் சுமந்த சாமானை ஒரு பழைய வான் என்ன செய்யும்? செல்வமலர் பையைக் கிழித்து, கழுத்தில் தொங்கிய வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

குறி அப்படியே இருந்தது. ‘வயல்’ என்று நிலவியலாளர் சொல்லும் பாறையிடத்தில் கல்லைப் பெயர்க்குமுன் அதன் முகத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டின் நடுவிலிருந்து சரிவு இறங்கும் பக்கமாக ஒரு சின்ன வால் இழுப்பது அவர்கள் வழக்கம். திசையையும் சரிவையும் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். அறைக்குள் அந்தக் குறியை மேலே பார்க்கவைத்துத்தான் செல்வமலர் வெட்டுவார். இந்தக் கல்லிலும் அப்படியே வெட்டியிருந்தார். வெட்டுக்குறி ஒரு நூல் பிசகவில்லை. ஆனால் குறி போட்ட அந்த முகத்தில், வானம் பார்த்த கல்லில் படரும் பாசி ஒரு பொட்டும் இல்லை. அதற்குப் பதிலாக, மெழுகுதிரி உருகி வடிந்ததுபோல, வெள்ளையாகச் சின்னச் சின்ன முனைகள். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி இறுகியவை.

சொட்டு மேல்நோக்கிச் சொட்டாது. அந்த முகம் வானத்தைப் பார்த்த முகமே அல்ல. நிலத்தைப் பார்த்த முகம்.

பாறையின் கீழ்முகத்தில் குறி போட்டால் பக்கத்தில் ஒரு வட்டம் போடவேண்டும். வட்டம் இல்லாவிட்டால் அறையில் இருப்பவர் அதை மேல்முகம் என்றுதான் எடுப்பார், கல் தலைகீழாகும், வால் எதிர்ப்பக்கம் போகும். வட்டம் போட மறப்பது பாறை பொறுக்குகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. இந்தக் கல்லில் வட்டம் இல்லை.

“கண்டுபிடிச்சிட்டீரே?” என்றார் அருமைராசா.

செல்வமலர் வில்லையைக் கண்ணிலிருந்து எடுத்தார். வெற்றி பெற்றவரின் முகமாக அது இருக்கவில்லை. ஏனென்றால் அந்த வெள்ளை முனைகளை அவர் முதலும் கண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன், வெட்டுகிற அன்றே. கண்டார், ‘இதென்ன சொட்டு?’ என்று ஒரு கணம் நினைத்தார், வாளின் மோட்டாரைப் போட்டார். கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒருநாள், அப்போது புதிதாக வந்திருந்த இளம் திபோ கொடுத்த ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கென்ன, அடிப்பக்கத்திலை பாசி பிடிச்சிருக்கு?” என்று அவர் கேட்டார். திபோ சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். “மலர், நீ வெட்டு. யோசிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். செல்வமலரும் சிரித்தார். அதுதான் அவரால் பிறகு பொறுக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து எந்தக் கல்லைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. யோசிப்பதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள் அல்லவா? யோசித்தார்கள். யோசித்து, பிழை வெட்டும் அறையில் என்று முடிவு செய்தார்கள்.

புதன்கிழமை காலை அவர் படியேறிப் போனார். இதுவும் அபூர்வம். ஐந்தாம் மாடியில், ஜன்னல் உள்ள அறையில், திபோவும் எத்தியேனும் இருந்தார்கள். கல்லை மேசையில் வைத்தார்.

“பொன்ஜூர். இந்தச் சொட்டைப் பாருங்கோடா.”

திபோ பார்த்தார். எத்தியேன் பார்த்தான். எத்தியேனின் காது நுனிகள் சிவந்தன. ஆனால் பேசியது திபோதான்.

“சுவாரசியம். ஆனால் இது உறுதியான சான்று அல்ல. கசிவு பக்கவாட்டிலும் படியலாம். அந்த இடத்தைப் பார்க்காமல்...”

“பாப்பம்.”

“என்ன?”

“போய்ப் பாப்பம். நாளைக்கு. நீ கார் ஓடு.”

“மலர், வயலில் இன்னும் பனி கிடக்கும். உனக்குப் பழக்கமில்லை.”

“ஆறாயிரம் கல்லு வெட்டியிருக்கிறன். ஒரு கல்லின்ரை வீட்டையும் கண்டதில்லை. பழக்கமில்லைத்தான். ஏன் பழக்கமில்லை?”

திபோ மேசையில் கார்ச் சாவியைத் தேடினார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வடக்கே போனார்கள். லவாலின் கடைத்தொகுதிகள் முடிந்து, தட்டை நிலம் முடிந்து, மாட்டு முதுகுகள் தொடங்கின. மடியில் பாண் பையோடு செல்வமலர் முன்னால் இருந்தார்; பின்னால் எத்தியேன், பல் பிடுங்கப் போகிறவனைப்போல.

நெடுஞ்சாலைக்காக வெடி வைத்துப் பிளந்த பாறைச்சுவர் அது. இரண்டு பனை உயரம். செல்வமலர் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடித் தகட்டில் நகத்தளவில் கண்டதெல்லாம் அங்கே வீட்டளவில் மடிந்து கிடந்தது: கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாக, பிழிந்த சீலையை உதறாமல் போட்டதுபோல. அழகுதான். அது அவருடைய கோபத்தை இன்னும் கூட்டியது. இருபது வருடம் இதை ஒருவரும் அவருக்குக் காட்டவில்லையே.

எத்தியேன் இடத்தைக் காட்டினான். சுவரின் நடுவில் பாறை ஒரு கூரைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலே வெள்ளைச் சலவைக்கல் பட்டை ஒன்று. பனி உருகிக் கொண்டிருந்ததால் கூரையின் அடியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அடியில், தலைக்கு மேலே, ஒரு கைப்பிடி அளவு பள்ளம். பக்கத்தில் செம்மஞ்சள் மையில் 9. பள்ளத்தைச் சுற்றி முழுவதும் வெள்ளை முனைகள், கீழ்நோக்கி.

செல்வமலர் கையை உயர்த்தி ஓரத்துண்டைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துப் பிடித்தார். பூட்டிய மாதிரிப் பொருந்தியது. குறி போட்ட முகம் நேரே கீழே, அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது.

“இது வெட்டுற அறையோ?” என்றார்.

எத்தியேன் தன் வயற்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். தேடிய பக்கம் கிடைத்ததும் மூடினான்.

“அன்றைக்கு மழை,” என்றான். “நனையாமல் இருக்க இதற்குக் கீழே வந்து நின்றேன். நின்ற இடத்திலிருந்தே குறி போட்டேன். வட்டம்... போடவில்லை.”

“மழை எண்டால் மேலும் கீழும் மறந்துபோமோ?”

“அவன் இளைஞன், மலர்,” என்றார் திபோ.

“இளந்தாரி பிழை விட்டான். சரி. கிழவி தலையிலை கட்டினது ஆர்?”

காரின் முன்மூடியில் தாளை வைத்துத் திபோ புது வசனம் எழுதினார். ‘ஒன்பதாம் மாதிரியின் திசை குறித்து ஐயங்கள் உள்ளன.’ வாசித்துக் காட்டினார். செல்வமலர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“ஏன்? வெட்டும் அறை இதில் இல்லையே.”

“பிழை எண்ட உடனை என்ரை அறைக்குக் கதவு இலக்கம் வரைக்கும் போட்டனி. இப்ப அது உங்கடை பக்கம் வந்தோண்ணை ‘ஐயம்’ ஆயிட்டுதோ? மலை தானாத் தலைகீழாப் போச்சோ?”

“அறிவியலில் நாங்கள் ஆட்களைக் குறை சொல்வதில்லை.”

“செவ்வாக்கிழமை சொன்னனி.”

ட்ரக் ஒன்று இரைந்துகொண்டு போனது. எத்தியேன் திபோவின் கையிலிருந்து பேனாவை வாங்கினான். வாங்கினான் என்பதைவிடப் பிடுங்கினான் என்று சொல்லலாம். ‘வயலில் பாறையின் கீழ்முகத்தை மேல்முகமாக நான் குறித்தேன். தகடு குறித்தபடி சரியாக வெட்டப்பட்டது. எ.’ எழுதி முடித்து, செல்வமலரைப் பார்த்தான். அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

“வடிவா எழுதுறாய்,” என்றார் செல்வமலர். “மூண்டு வருசம் முந்தி ஒரு வட்டமும் போட்டிருக்கலாம்.”

வெள்ளிக்கிழமை பதில் போனது. ஜூனில் சஞ்சிகையின் திருத்தம் வெளிவந்தது, ஒரு சொல்லும் மாறாமல். செல்வமலர் அதை அச்செடுத்து ஒன்பதாம் கல்லோடு பையில் போட்டுக் கட்டினார். திபோ நல்ல மனிதர். தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தபின் மிகவும் தாராளமாக ஒப்புக்கொள்ளும் வகை. செல்வமலருக்குப் பூக்கள் வந்தன. களஞ்சிய அறையில் ஒரு தட்டுவரிசை ஒதுக்கப்பட்டு, ஓரத்துண்டுகளை எறியக்கூடாது என்று துறை புதிதாகக் கடிதம் அனுப்பியது. பதினொரு பெட்டிகளும் திரும்பி வந்தன. அருமைராசாதான் சுமந்தார்.

“வாற விண்டருக்கு வான் வழுக்குமேயப்பா,” என்றார், கடைசிப் பெட்டியை இறக்கும்போது.

“நீங்கள் பின்னுக்கு ஏறி இருங்கோ. பாரம் காணும்.”

எல்லாம் சரியாகிவிட்டது, ஆகவே கோபமும் ஆறியிருக்கவேண்டும் என்று ஐந்தாம் மாடியில் எதிர்பார்த்தார்கள். ஆழத்தில் கிடக்கும் சூடு எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அவர்கள். வெட்டும் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: ‘குறி போட்ட முகம் வானம் பார்த்ததா, நிலம் பார்த்ததா? பதில் இல்லாத கல் வெட்டப்படாது.’ எத்தியேன் அடுத்த கல்லை ஆறு பக்கமும் அம்புக்குறி போட்டுக் கொண்டுவந்தான். செல்வமலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு அம்புகள் ஒன்றையொன்று பார்க்கின்றன என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அதோடு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புது வேலை தொடங்கினார். ஒரு நாளைக்குப் பத்துக் கல். பெட்டியைத் திறப்பார், பையை அவிழ்ப்பார், குறி போட்ட முகத்தையும் எதிர் முகத்தையும் வில்லையால் பார்ப்பார், கட்டி வைப்பார். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சம்பளம் தரவில்லை. ஒன்பதாம் கல் மாட்டுப்பட்டதால் தெரிந்தது. மாட்டுப்படாதவை எத்தனை? அவற்றில் எத்தனைக்கு, அவர் இல்லாத அறைகளில், ‘கீழே வெட்டுகிறவள் மாற்றியிருப்பாள்’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்? அதை நினைக்க நினைக்க இடியப்பம் இறங்கவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் அவர் மேலே போன் எடுத்தார்.

“திபோ, கீழை வா.”

திபோ வந்தார். கோடை விடுமுறைக்குப் போகும் மிதப்பில், அரைக் காற்சட்டையோடு வந்தார். மேசையில் ஒரே ஒரு கல். அதில் கோடும் வாலும் தெளிவாக இருந்தன. அதன் கீழே, வைர ஊசியால் கீறிய எழுத்தில், தி, 2011.

“அட, இது என்னுடையது!” முகம் மலர்ந்தது. “என் முதல் கட்டுரைக் கல்! இதுதானே என்னைப் பேராசிரியராக்கியது. இதையுமா வைத்திருக்கிறாய், மலர்?”

செல்வமலர் கல்லைத் திருப்பி வைத்தார்.

அடிப்பக்கம் முழுவதும் பாசி. காய்ந்து, சாம்பலும் செம்மஞ்சளுமாக, அகலமாக, பல வருடம் வெயிலையும் மழையையும் நேருக்கு நேர் வாங்கி வளர்ந்த பாசி.

திபோ சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். எடுத்து மாட்டினார். குனிந்தார். கல்லைத் தானே ஒரு தடவை திருப்பினார், கோடு மேலே வர. பிறகு பாசி மேலே வர. வட்டம் எங்கேயாவது இருக்கிறதா என்று விரலால் தடவினார். குறிக்குப் பக்கத்தில் வட்டம் இல்லை.

செல்வமலர் எட்டி வாளின் மோட்டாரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் முதலே வைக்கப்பட்டிருந்தன.

“அண்டைக்கும் மழையோ?” என்றார்.